சர்க்கார் காடும் நம்ம காடும்

நம் கொங்குச் சீமையிலே காடு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று ஒருவர் சொன்னால், சோளமோ நிலக்கடலையோ விதைத்திருக்கிற தன்னுடைய மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். யானையும் மானும் திரிகிற இடத்தை நாம் பாரஸ்ட்டு என்றோ, சர்க்கார் காடு என்றோ சொல்லிவிடுகிறோம். தாளவாடி, ஆசனூர், பர்கூர், ஆனைகட்டி, மசினகுடி போன்ற ஊர்களிலே இந்த இரண்டு காட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வரப்பு, அல்லது ஓர் ஓடை, அல்லது வனத்துறை வெட்டிய யானை அகழி. அவ்வளவுதான். அந்த வரப்பைத் தாண்டி அங்கிருந்து இங்கே என்ன வருகிறது, இங்கிருந்து அங்கே என்ன போகிறது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு மலையடிவார ஊரிலே, மாசி மாதத்தில் ஒரு நாள், விவசாயி ஒருவர் தன் காட்டில் கிடந்த சோளத்தட்டை, வேலி முள் எல்லாவற்றையும் கூட்டிக் குவித்துத் தீ வைத்தார். காலை எட்டு மணிக்குக் காற்றே இல்லை. பதினோரு மணிக்கு மேற்கே இருந்து காற்று கிளம்பியது. பத்து நிமிஷத்தில் தீ வரப்பைத் தாண்டிவிட்டது. ஊர் ஜனங்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் பச்சைக் கொப்பு ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். அணைக்க இரண்டு நாள் பிடித்தது. நல்ல வேளை, ஆளுக்குச் சேதம் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் முகமெல்லாம் கரியாக உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னார்: "நாப்பது வருசமா இப்பிடித்தானுங்க எரிக்கிறேன். எங்கப்பாரும் எரிச்சாரு. ஒரு நாளும் தீ உள்ளே போய் இப்பிடி ஆடுனதில்லீங்க."

அவர் சமாதானத்துக்காகச் சொன்ன பேச்சு என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது நிஜம். அவருடைய தீ மாறவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த காடுதான் மாறிவிட்டது. முன்பு அங்கே இருந்தது முழங்கால் உயரப் புல். அதிலே பாதியை மானும் மாடும் மேய்ந்துவிடும். மீதி எரிந்தாலும் தீ கணுக்கால் உயரத்தில் ஓடி, பாறையிலோ மாட்டுத் தடத்திலோ முட்டித் தானாகவே அணைந்துபோகும். இப்போது அங்கே இருப்பது ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடக்கிற உன்னிச்செடி.

இந்த உன்னிச்செடி நம் நாட்டுச் செடி இல்லை. சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறதே என்று, 1800-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக இங்கே கொண்டுவந்தார்கள். தோட்டத்திலிருந்து வேலிக்கு வந்தது, வேலியிலிருந்து காட்டுக்குள் போனது. கறுத்துப் பழுத்த பழத்தை மைனாவும் கொண்டைக்குருவியும் தின்று, போகிற இடத்திலெல்லாம் எச்சத்தோடு விதையைப் போடும். மரத்தடியிலே உன்னி கும்பலாக முளைப்பதற்குக் காரணம் இதுதான், குருவி உட்கார்ந்த கிளைக்கு நேர் கீழே பாருங்கள். இந்தியாவில் புலி வாழும் காடுகளில் நூற்றுக்கு நாற்பது பங்குப் பரப்பில் உன்னி பரவியிருக்கிறது என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம்முடைய முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஆச்சரியமாக இருக்காது.

உன்னி செய்கிற கெடுதல் பலவகை. அதன் அடியிலே வெயில் படுவதில்லை, வேரும் இலையும் மற்ற செடிகள் முளைக்காதபடி சில பொருள்களை மண்ணில் விடுகின்றன. எனவே புல் செத்துப்போகும். புல் போனால் புள்ளிமானும் காட்டுமாடும் இடம் மாறும், அவற்றின் பின்னாலே புலியும் சிறுத்தையும் இடம் மாறும். யானைக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ பசுந்தீனி வேண்டும். உன்னி இலையை அது தொடாது. காய்ந்த காலத்திலே உன்னித்தண்டு ஏணி மாதிரி வேலை செய்கிறது. தரையில் ஓடவேண்டிய தீ அதில் ஏறி மரக்கிளைக்குப் போய்விடுகிறது. சரி, எரிந்து தொலையட்டும் என்றால், தீ அணைந்து முதல் மழை விழுந்ததும் அடிக்கட்டையிலிருந்து நாலு தண்டுக்குப் பதில் பத்துத் தண்டு கிளம்பும்.

மாடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழக்கப்பட்ட உள்ளூர் மாடு உன்னியை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். ஆனால் சந்தையில் வாங்கிவந்த புது மாடு, அல்லது வறட்சியில் வயிறு காய்ந்த மாடு, தின்றுவிடும். இலையில் உள்ள விஷம் ஈரலைப் பிடிக்கும். மாடு தீனி எடுக்காது, சாணி இறுகும், கண் மஞ்சளாகும், நிழலை விட்டு வெளியே வர மறுக்கும். வெயில் பட்டால் மூக்கிலும் வெள்ளைத் தோல் உள்ள இடங்களிலும் தோல் வெந்து உரிந்ததுபோல் ஆகும். இதை அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டிவிட்டு மூன்று நாள் கழித்துக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடனே இருட்டான கொட்டகையில் கட்டி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் பிழைக்க வைக்கலாம்.

அப்படியானால் உன்னியை எப்படித்தான் ஒழிப்பது? 1920-களிலேயே விதையைத் தின்னும் ஓர் ஈயை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், உன்னி அதற்குப் பயப்படவில்லை. அரிவாளால் வெட்டினால் தழைக்கும். ஜே.சி.பி. விட்டுப் புரட்டினால், கிளறிய மண்ணிலே புதையுண்டிருந்த விதையெல்லாம் முளைக்கும். நடைமுறையில் பலன் தந்த முறை டெல்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சொன்ன வேர்க்கட்டை வெட்டு முறை. தண்டும் வேரும் சேர்கிற கழுத்துப் பகுதியில்தான் மறுபடி தழைக்கும் சக்தி இருக்கிறது. மண்மட்டத்துக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், அந்தக் கழுத்துக்கு அடியில், வேரை வெட்டிச் செடியைத் தூக்கி, வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். மழை ஈரம் இருக்கும்போது, பழம் பழுப்பதற்கு முன்னால் செய்தால் வேலை சுலபம். இரண்டு பேர் இருந்தால் போதும், ஒருவர் தண்டை வளைத்துப் பிடிக்க, மற்றவர் களைக்கொத்தால் வெட்டலாம்.

ஆனால் வெட்டியதோடு வேலை முடியவில்லை. அடுத்த இரண்டு மூன்று வருஷம், மழைக்குப் பிறகு மரத்தடிகளிலும் ஓடைக்கரையிலும் முளைக்கிற கன்றுகளைப் பிடுங்கவேண்டும். காலியான இடத்தில் அந்தக் காட்டுக்குரிய புல்விதையைத் தூவவேண்டும். இந்தப் பின்வேலையைச் செய்யாமல், இத்தனை ஹெக்டேர் அகற்றினோம் என்று கணக்கு மட்டும் எழுதுகிற இடங்களிலே மூன்றாம் வருஷம் உன்னி பழையபடி நிற்கிறது. நம் தோட்டத்தில் ஒரு களையெடுப்போடு கோரை போய்விடும் என்று எந்த விவசாயியாவது நம்புவாரா?

2022-இல் தமிழ்நாடு அரசு அயல் களைத்தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. உன்னி, சீமைக்கருவேலம், மலையிலே சீகை மரம், மஞ்சக்கொன்னை எல்லாம் அதில் வருகின்றன. மஞ்சக்கொன்னை என்பது பொன்போலப் பூக்கும், பார்க்க வெகு அழகு. அதனால்தான் அதையும் கொண்டுவந்து வைத்தார்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் வெட்டிய மஞ்சக்கொன்னை மரம் அரசின் செய்தித்தாள் காகித ஆலைக்குக் கூழாகப் போகிறது. உன்னித்தண்டைக் கொதிக்கவைத்துத் தோலுரித்து நாற்காலி, மேசை பின்னுவதை மாதேஸ்வரன் மலைச் சோளகர் மக்கள் கற்றுக்கொண்டு வெகுநாளாகச் செய்துவருகிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் இதே தண்டில் ஆளுயர, ஆனை உயர யானை உருவங்களைச் செய்தார்கள். அவை 2021-இல் லண்டன் நகரத்துப் பூங்காக்களில் நின்றன. காப்புக்காட்டுக்குள் போய் அனுமதியில்லாமல் நாம் எதையும் வெட்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நம் பட்டா நிலத்து வேலியிலும் வரப்பிலும் இருக்கிற உன்னியை எடுக்க யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. காட்டுக்கு விதை போவது பல இடங்களில் நம் வேலியிலிருந்துதான்.

இனித் தீயைப் பற்றி. காட்டுத் தீ என்றால் எல்லாமே கெடுதல் என்றுதான் எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் வேறு கதை சொல்கிறார்கள். அவர்கள் முன்காலத்தில் பனி முடிந்து வெயில் ஏறும் முன்பே, சருகில் லேசான ஈரம் இருக்கும்போது தீ வைப்பார்களாம். அதற்குத் தறகு பெங்கி, அதாவது சருகுத் தீ என்று பெயர். அது தாழ்வாக ஓடிச் சருகையும் உன்னிக் கன்றையும் எரிக்கும், பெரிய மரத்தைத் தொடாது. 1974-இல் அந்த மலை சரணாலயமானபிறகு தீ வைப்பது தடுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் உன்னி இப்படிப் பெருகியது, நெல்லி மரத்திலே புல்லுருவியும் கூடியது என்கிறார்கள் அவர்கள். விஞ்ஞானிகளில் சிலர் இதை ஒப்புக்கொள்கிறார்கள். வேறு சிலர், அடிக்கடி தீ பட்டால் காடு திறந்து உன்னிக்கு இடம் கிடைக்கும் என்கிறார்கள். என் அபிப்பிராயம் என்னவென்றால், கன்றாக இருந்த காலத்து உன்னியைச் சருகுத் தீ கட்டுப்படுத்தியிருக்கும், ஆனால் இன்றைக்கு ஆளுயரம் வளர்ந்துவிட்ட புதரில் தீ வைத்தால் அது சருகுத் தீயாக இருக்காது. முதலில் உன்னியை எடுத்து, புல் வந்தபிறகு, காலமும் காற்றும் பார்த்து, அனுபவமுள்ள பழங்குடி மக்களைக் கூட வைத்துக்கொண்டு வனத்துறை செய்யவேண்டிய வேலை அது. தனி ஆள் தீப்பெட்டி எடுத்துச் செய்கிற வேலை இல்லை.

தீ எப்படி ஓடும் என்பதை மலையோரத்தில் இருக்கிற எல்லாருமே தெரிந்துகொள்ளவேண்டும். சூடான காற்று மேலே போகும். எனவே சரிவில் மேலே இருக்கிற புல்லைத் தீ நெருங்குவதற்கு முன்பே சூடு காயவைத்துவிடும். சரிவு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் கணக்கு. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையிலே மலையேறப் போனவர்கள் காய்ந்த புற்சரிவில் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஆடு மேய்க்கப் போகிறவர்கள், தேன் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: கீழே தீயைப் பார்த்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில், பாறைக்கோ, ஓடைக்கோ, ஏற்கெனவே எரிந்து கறுத்துப்போன இடத்துக்கோ போங்கள். எரிந்த இடம் மறுபடி எரியாது.

தை மாதம் முதலே வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டில் புல்லும் சருகும் இல்லாமல் சுத்தமாக இருந்தால்தான் தீ அங்கே நிற்கும். நாமும் நம் பக்கத்திலே ஒன்று செய்யலாம். காட்டை ஒட்டிய ஓரத்தில், அறுவடை முடிந்ததும் நாலைந்து சால் உழுது போட்டுவிடுங்கள். வெறும் மண் தெரிந்தால் தீக்கு வழியில்லை. சோளத்தட்டை, மக்காச்சோளத் தட்டை இவற்றை எரிப்பதைவிட, வெட்டும் கருவியில் போட்டு மாட்டுக்குக் கொடுக்கலாம், மிச்சத்தை எருக்குழியில் மக்கவைக்கலாம். மாசி, பங்குனி, சித்திரையில் காட்டோர நிலத்தில் தீ மூட்டுவது என்ற பேச்சே வேண்டாம். செயற்கைக்கோள் படத்தை வைத்து எங்கே தீ என்று தேராதூனில் இருக்கிற இந்திய வன அளவை நிறுவனம் இங்குள்ள வனச்சரக அலுவலருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. ஆனால் அதற்கு முன்னால் புகையைப் பார்ப்பவர் நீங்கள்தான்.

மாடு காட்டுக்குள் மேயலாமா கூடாதா என்பது பெரிய வழக்கு. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. பர்கூர் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த இனமே காட்டு மேய்ச்சலில் உருவானது. மாடு மேய்ந்தால் புல் குறைந்து தீயின் வேகமும் குறையும் என்று அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் எருவுக்காக நூற்றுக்கணக்கில் பட்டி அடைத்து, காட்டின் சத்தையெல்லாம் சாணியாக லாரியில் ஏற்றி வெளியூர்த் தோட்டங்களுக்கு விற்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக்கூடாது.

நோய் விஷயத்திலே இரண்டு காட்டுக்கும் வரப்பே கிடையாது. 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவிக் காட்டுமாடுகள் கும்பல் கும்பலாகச் செத்தன. வெக்கை என்பது நம் மாட்டு நோய். ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டுப் போட்டுத்தான் அந்த நோயை உலகத்திலிருந்தே ஒழித்தார்கள், 2011-இல் அது அறிவிக்கப்பட்டது. கோமாரியும் அடைப்பானும் இன்னும் போகவில்லை. 2021-இல் கோவை வனக்கோட்டத்தில் ஒரு யானை அடைப்பானால் இறந்தது. அடைப்பான் கிருமியின் வித்து மண்ணிலே பல வருஷம் உயிரோடு கிடக்கும். ஆகவே திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால் தோலை உரிக்காதீர்கள், அறுக்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். காட்டிலே குரங்கு செத்துக் கிடந்தாலும் தொடவேண்டாம். கர்நாடகத்தில் 1957-இல் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல், உண்ணி கடித்து மனிதருக்கு வரும் நோய், 2012-க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு வரை வந்துவிட்டது. மாட்டின் மேல் ஏறும் உண்ணிதான் அதைச் சுமக்கிறது. பெயர் ஒன்றுபோலக் கேட்டாலும் உன்னிச்செடிக்கும் இந்த உண்ணிக்கும் சம்பந்தமில்லை.

யானையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடித்தால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். காட்டில் தீனி இல்லாததால்தான் யானை ஊருக்குள் வருகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். அது பாதிதான். 1980-களின் தொடக்கத்தில் இந்த மலைகளிலே யானையின் பின்னாலேயே திரிந்து ஆராய்ந்த விஞ்ஞானி ராமன் சுகுமார், காட்டுப் புல்லைவிட நம் கேழ்வரகிலே புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்புச் சத்தும் அதிகம் என்று கண்டார். காட்டிலே தீனி இருந்தாலும் ருசி கண்ட ஆண் யானை வரத்தான் செய்யும். எனவே உன்னியை எடுத்துவிட்டால் யானை வராது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், குறையும் என்று சொல்லலாம். அகழிக்குப் பக்கத்திலேயே கரும்பையும் வாழையையும் வைத்துவிட்டு யானையைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை.

வேலி போடுங்கள், ஆனால் பார்த்துப் போடுங்கள். சூரிய மின்வேலியில் மின்சாரம் நொடிக்கு ஒரு தரம், கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம்தான் பாயும். யானை அதிர்ந்து விலகும், சாகாது. வீட்டு லைனிலிருந்து, மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கம்பியில் கொடுக்கிற மின்சாரம் யானையையும் கொல்லும், இராத்திரி தண்ணீர் கட்டப் போகிற உங்கள் மகனையும் கொல்லும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப் போட்ட கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் பிணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. வேலி போட்டவர் சிறைக்குப் போனார். அதே வருஷம் மின்வேலிக்கு அரசு விதிகள் வந்துவிட்டன. வனத்துறையில் பதிவு செய்துகொண்டுதான் வேலி அமைக்கவேண்டும். பயிர்ச்சேதம் ஆனால் மறுநாளே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தடம் அழியும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். வாரம் கழித்துப் போனால், பன்றியா யானையா என்ற விவாதத்திலேயே உங்கள் மனு நின்றுபோகும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மாயாற்றங்கரையில் உயர்ந்த நீர்மத்தி மரங்களிலே பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் இவை இந்த அளவுக்கு மிஞ்சியிருப்பது அங்கேதான். காய்ச்சல் மாட்டுக்கு டைக்ளோபினாக் ஊசி போட்டு, அந்த மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் கழுகின் சிறுநீரகம் போய்விடும். அதனால் அந்த மருந்தை மாட்டுக்குப் போடுவதை 2006-இல் தடை செய்தார்கள். கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் இரண்டையும் 2023-இல் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் என்ற மருந்தால் கழுகுக்குக் கெடுதல் இல்லை. ஊசி போட வருகிறவரிடம், "என்ன மருந்துங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புலி அடித்த மாட்டின் மேல் பூச்சிமருந்து தெளித்து வைக்கிற வேலையையும் யாரும் செய்யவேண்டாம். அதிலே புலி சாகிறதோ இல்லையோ, கழுகும் கீரியும் உங்கள் வீட்டுக் காவல் நாயும் முதலில் சாகும். மாடு போனதற்கு நிவாரணம் வாங்க, பிணத்தை நகர்த்தாமல் அப்படியே விட்டு, வனவருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லியனுப்புங்கள். அவர்கள் வந்து பார்த்து எழுதிய சான்றிதழ் மனுவோடு இருக்கவேண்டும்.